டீச்சர் பதில்கள்: மல்லியா, பல்லியா?

காது கேளாத குழந்தைகளுக்கு முப்பத்தொரு வருடம் பாடம் நடத்தியவள் நான் என்று போன இதழில் போகிற போக்கில் எழுதிவிட்டேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: மனிதன் எப்படிப் பேச ஆரம்பித்தான்? பட்டா மாறுதல், மூட்டுவலி, மாமியார் மருமகள் எல்லாவற்றுக்கும் அடுத்த மாதம் பதில் சொல்கிறேன்.

டீச்சர், உலகத்தில் முதன்முதலாகப் பேசிய வார்த்தை எதுவாக இருக்கும்?
*எட்டாம் வகுப்பு மாணவன், தேவகோட்டை*

தம்பி, இதே கேள்வி ஒரு ராஜாவுக்கும் வந்தது. எகிப்தை ஆண்ட சாமெடிக்கஸ். சுமார் 2,600 வருடத்துக்கு முந்தைய ஆள். உலகத்தில் மூத்த இனம் எகிப்தியரா, வேறு யாராவதா என்று அவருக்குச் சந்தேகம். பிறந்த குழந்தைகள் இரண்டை ஓர் ஆட்டுக்காரரிடம் ஒப்படைத்து, இவர்கள் காதில் ஒரு சொல்கூட விழக் கூடாது என்றார். வேளாவேளைக்கு ஆடுகளை ஓட்டிப்போய்ப் பால் கொடுப்பது மட்டும்தான் ஆட்டுக்காரர் வேலை. இரண்டு வருடம் போனது. ஒருநாள் கதவைத் திறந்ததும் குழந்தைகள் இரண்டும் கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்து 'பெக்கோஸ்' என்றனவாம். ராஜா ஆள்விட்டு விசாரித்தார். இப்போதைய துருக்கியில் இருந்த ஃப்ரிஜியா தேசத்து மொழியில் பெக்கோஸ் என்றால் ரொட்டி. சரி, ஃப்ரிஜியர்தான் மூத்தவர்கள் என்று ராஜா ஒப்புக்கொண்டார். கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதிவைத்த கதை இது.

இரண்டு வருடமாக அந்தக் குழந்தைகள் காதில் விழுந்த குரல் எது என்று நீயே யோசித்துப் பார். 'பெக்க்' என்று தொண்டையிலிருந்து ஒருமுறை கத்து. ராஜா மொழி வல்லுநர்களைக் கேட்டதற்குப் பதிலாக ஆட்டுக்காரரையே கேட்டிருக்கலாம்.

நம் அக்பரும் சும்மா இருக்கவில்லை. பச்சைக் குழந்தைகளை ஒரு தனி மாளிகையில் வைத்து, வாய் திறக்காத தாதிகளைக் காவலுக்குப் போட்டு வளர்த்தார். 1582இல் அவர் அங்கே போனபோது, அர்த்தமில்லாத சத்தம் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை என்று அவருடைய அரசவை வரலாற்றாசிரியர் அபுல் ஃபசல் எழுதியிருக்கிறார். அந்தப் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. கேள்வி கேட்கலாம், அதற்காகப் பிள்ளையை அடைத்துவைப்பதா?

உன் கேள்விக்கு வருகிறேன். பேச்சு எலும்பு மாதிரி மண்ணுக்குள் கிடைக்காது. நம்மை ஒத்த மனிதர்களின் எலும்பு மொராக்கோவில் ஜெபெல் இர்ஹூத் என்ற இடத்தில் கிடைத்திருக்கிறது. வயது சுமார் 3 லட்சம் வருடம். எழுத்து வந்தோ ஐயாயிரத்துச் சொச்சம் வருடம்தான். நடுவில் உள்ள அத்தனை காலமும் பேசிய பேச்சு காற்றோடு போச்சு. ஆளாளுக்கு ஊகம் எழுதிக் குவித்ததில் சலித்துப்போய், பாரிஸ் மொழியியல் சங்கம் 1866இல் 'மொழியின் தோற்றம் பற்றிய கட்டுரை எதுவும் இங்கே ஏற்கப்படாது' என்று தன் விதிமுறையிலேயே எழுதிவைத்தது. அதற்காக உன் வாயை அடைக்க மாட்டேன். ஒன்று மட்டும் எனக்கு நிச்சயம்: ஒருத்தர் ஒரு சத்தம் போட்டால் அது வார்த்தை ஆகாது. எதிரில் இருப்பவர் அதைப் புரிந்துகொண்டு, மறுநாள் தானும் அதே பொருளில் சொன்னால்தான் வார்த்தை. ஆகவே முதல் வார்த்தைக்குச் சொந்தக்காரர்கள் குறைந்தது இரண்டு பேர்.

மொழி தானாகப் பிறக்குமா? நம் காலத்தில் யாராவது அதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்களா?
*வங்கி ஊழியர், ஈரோடு*

பார்த்திருக்கிறார்கள். மத்திய அமெரிக்காவில் நிகராகுவா என்றொரு சின்ன நாடு. 1970கள் வரை அங்கே காது கேளாதவர்கள் ஒருவரையொருவர் சந்திக்க வழியே இல்லை. பிள்ளை வீட்டோடு இருக்கும்; அம்மாவும் அக்காவும் அதுவுமாகச் சில சைகைகளை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டுவார்கள். 1977இல் தலைநகர் மனாகுவாவில் ஒரு சிறப்புப் பள்ளி வந்தது. 1979இல் புரட்சி, ஆட்சி மாற்றம். 1980இல் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு தொழிற்பள்ளி. சில வருடங்களில் இரண்டிலுமாக நானூறு பிள்ளைகளுக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள்.

ஆசிரியர்கள் சொல்லிக்கொடுத்தது ஸ்பானிஷ். உதட்டைப் பார், உச்சரி, விரலால் எழுத்துக் காட்டு. பிள்ளைகளுக்கு ஒன்றும் ஏறவில்லை.

அந்த ஆசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானும் அதையேதான் செய்தேன். 1984இல் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் பள்ளியில் சைகைக்குத் தடை. 'கை ஆடினால் வாய் ஆடாது' என்பார் தலைமையாசிரியர். 1880இல் மிலான் நகரில் கூடிய மாநாடு ஒன்று, காது கேளாதோர் கல்வியில் பேச்சுதான் உசத்தி என்று முடிவெடுத்தது. அந்தக் காற்று நூறு வருடம் கழித்தும் எங்கள் வகுப்பறை வரை வீசிக்கொண்டிருந்தது. 'ப' சொல்லித்தர உதட்டுக்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடிப்போம். காகிதம் ஆடினால் 'ப'. 'ம' என்றால் என் மூக்கின்மேல் பிள்ளையின் விரலை வைத்து அதிர்வைக் காட்ட வேண்டும். ஏனென்றால் உதட்டில் இரண்டும் ஒன்றுதான். கண்ணாடி முன் நின்று படம், மடம், பணம், மணம் என்று சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

ஒருநாள் மூன்றாம் வகுப்பில் 'மல்லி எங்கே?' என்று கேட்டேன். மேசைமேல் மல்லிகைச் சரம் வைத்திருந்தேன். ஒரு சிறுமி சட்டென்று தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தாள். இன்னொருத்தி உத்தரத்தைப் பார்த்தாள். மொத்த வகுப்பும் பல்லியைத் தேடிக்கொண்டிருந்தது. நான் ஆறு மாதம் உழைத்துச் சொல்லிக்கொடுத்த வார்த்தை.

அதே பிள்ளைகள் ராத்திரி விடுதியில் என்ன செய்தார்கள் தெரியுமா? பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுவோம். தெருவிளக்கு வெளிச்சம் ஜன்னல் வழியாக ஒரு பாயளவுக்குத் தரையில் விழும். அந்த வெளிச்சத்தில் ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்துகொண்டு கையால் பேசுவார்கள். கதை, சண்டை, கேலி, எல்லாம் நடக்கும். விடுதிப் பொறுப்பு என்னிடம் வந்த முதல் வருடம் அதட்டிப் படுக்கவைத்தேன். அப்புறம் அதட்டவில்லை, இருட்டில் நின்று பார்க்க ஆரம்பித்தேன். புதிதாகச் சேரும் பிள்ளை ஒவ்வொன்றும் தன் வீட்டுச் சைகையோடு வரும். ஒரு வீட்டில் அப்பா என்றால் மீசை முறுக்கு. இன்னொரு வீட்டில் தோளில் துண்டு போடுவது. வேறொரு வீட்டில் வெற்றிலை மடிப்பது. மூன்று மாதம் போனால் எல்லோருக்கும் ஒரே அப்பா, மீசைதான். யாரும் கூட்டம் போட்டு முடிவெடுத்ததில்லை. எங்களுக்கெல்லாம் பெயர்கூட இருந்தது. தலைமையாசிரியருக்கு மூக்குப்பொடி போடும் சைகை. எனக்கு இடது புருவத்தை இரண்டு விரலால் தொடுவது, சின்ன வயதில் விழுந்த தழும்பு அங்கே இருக்கிறது. ஏழு வருடம் கழித்துத்தான் அது என் பெயர் என்று எனக்குத் தெரியவந்தது.

மனாகுவாவிலும் பள்ளி முற்றத்திலும் பேருந்திலும் இதுவேதான் நடந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பெரிய வகுப்பு அண்ணன் அக்காக்கள் இருந்தார்கள். அங்கே முன்னோடி யாரும் கிடையாது, சுத்தமாகப் புதிது. முதலில் வந்த பிள்ளைகள் வீட்டுச் சைகைகளைக் கலந்துகட்டி ஒரு பொதுச் சைகைமுறை உண்டாக்கினார்கள். அடுத்து வந்த சின்னப் பிள்ளைகள் அதைப் பார்த்துப் பழகினார்கள், பழகும்போதே மாற்றிவிட்டார்கள். பிள்ளைகள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று புரியாமல் 1986இல் அரசாங்கம் ஜூடி கெகல் என்ற அமெரிக்க மொழியியலாளரை வரவழைத்தது. பின்னால் ஆன் செங்காஸ் என்பவரும் வந்தார். அவரும் கூட்டாளிகளும் 2004இல் வெளியிட்ட ஆய்வில் ஓர் அழகான விஷயம் உண்டு.

ஒரு கார்ட்டூனைப் போட்டுக் காட்டினார்கள். உருண்டைப் பந்தை விழுங்கிவிட்ட பூனை ஒன்று தெருச்சரிவில் உருண்டடித்து இறங்குகிறது. இதைச் சொல்லுங்கள் என்றால், பேசத் தெரிந்த நாம் கையால் எப்படிக் காட்டுவோம்? கையைச் சுழற்றிக்கொண்டே கீழே இறக்குவோம். உருளுவதும் இறங்குவதும் ஒரே அசைவில் வந்துவிடும். முதலில் வந்த மூத்த பிள்ளைகளும் பெரும்பாலும் அப்படித்தான் காட்டினார்கள். பின்னால் வந்த சின்னவர்கள் அதை உடைத்துவிட்டார்கள். முதலில் 'உருள்', அடுத்து 'இறங்கு'. இரண்டு தனிச் சைகைகள். கண்ணால் பார்த்ததைப் படம்போல் காட்டுவதிலிருந்து விலகி, துண்டு துண்டாக்கிக் கோப்பது. நாம் 'உருண்டு இறங்கியது' என்கிறோமே, அதே வேலை. துண்டாக்கிவிட்டால் அந்த 'உருள்' என்பதை எதனோடு வேண்டுமானாலும் சேர்க்கலாம். உருண்டு ஏறலாம், உருண்டு சிரிக்கலாம். இதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் பெரியவர் யாரும் இல்லை, இலக்கணப் புத்தகமும் இல்லை.

இன்னொன்று. 'நினைக்கிறான்', 'அவனுக்குத் தெரியாது' போன்ற மனசுக்குள் நடக்கும் காரியங்களுக்கு மூத்தவர்களிடம் சைகைகள் குறைவு, இளையவர்களிடம் தாராளம். ஒருவன் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறான் என்பதைக் கண்டுபிடிக்க வேண்டிய சோதனையில் மூத்தவர்கள் திணறினார்கள். இளையவர்களோடு பழகி அந்தச் சைகைகள் கைவந்த பிறகு, வளர்ந்த வயதிலும் அவர்களுக்கு அது பிடிபட்டது. இந்த ஆய்வை ஜென்னி பையர்ஸும் செங்காஸும் 2009இல் வெளியிட்டார்கள். அதைப் படித்த அன்றைக்கு எனக்கு ராத்திரித் தூக்கம் வரவில்லை. எத்தனை பிள்ளைகளை மந்தம் என்று எழுதிவைத்திருப்பேன்.

அக்பர் மாளிகையிலும் பிள்ளைகள் கூட்டமாகத்தானே இருந்தார்கள், அங்கே ஏன் மொழி பிறக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். மனாகுவாப் பிள்ளைகளுக்கு வீட்டில் ஓர் அம்மா இருந்தாள். அரைகுறைச் சைகையானாலும் முகத்தைப் பார்த்து பதில் சொன்னாள். ஆள் கூடினால் மட்டும் போதாது, பதில் வர வேண்டும். இது என் அனுமானம்தான்.

உலக மொழிகள் எல்லாவற்றிலும் அம்மாவுக்கு 'ம' வருகிறது. நம் 'அம்மா'தான் மம்மி, மாமா, மதர் எல்லாவற்றுக்கும் மூலம் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. சரியா?
*இல்லத்தரசி, மன்னார்குடி*

ஜார்ஜியாக்காரர்களிடம் சொல்லிவிடாதீர்கள். அவர்கள் மொழியில் 'மாமா' என்றால் அப்பா. அம்மா என்றால் 'தேதா'. அவ்வளவு தூரம் போவானேன், மங்களூர்ப் பக்கம் துளு பேசுகிறார்களே, நம் திராவிடக் குடும்பத்து மொழிதான், அதில் 'அப்பெ' என்றால் அம்மா, 'அம்மெ' என்றால் அப்பா!

காரணம் குழந்தையின் வாயில் இருக்கிறது. உதட்டை மூடித் திறந்தால் போதும், 'மா', 'பா' வந்துவிடும். நாக்கை எங்கே வைப்பது என்ற கவலையே இல்லை. பால் குடிக்கும்போது வாய் அடைத்திருக்கும். முனகல் மூக்கு வழியாகத்தான் வரும், அது 'ம்ம்'. பசித்தாலும் அதே 'ம்ம்'. இதை ரோமன் யாகப்சன் என்ற மொழியியலாளர் 1960 வாக்கில் எழுதினார். பிள்ளை தன்னைத்தான் கூப்பிடுகிறது என்று பக்கத்தில் இருப்பவர் எடுத்துக்கொள்கிறார். ஊருக்கு ஊர் பக்கத்தில் இருப்பவர் பெரும்பாலும் அம்மா. துளுநாட்டில் அப்பா கொஞ்சம் முந்திக்கொண்டார் போலிருக்கிறது.

கையாலும் மழலை உண்டு தெரியுமா? காது கேளாத பெற்றோரிடம் சைகை பார்த்து வளரும் காது கேளாத குழந்தைகள், மற்றக் குழந்தைகள் 'பாபாபா' என்று உளறும் அதே பருவத்தில், விரலை ஒரே மாதிரி மடக்கி மடக்கி அர்த்தமில்லாமல் ஆட்டுகின்றன. 1991இல் கனடாவில் படம் பிடித்து ஆராய்ந்திருக்கிறார்கள்.

கல்தோன்றி மண்தோன்றாக் காலத்து மொழி தமிழ். அப்படியிருக்க, மனிதனின் முதல் மொழி எது என்று தேடுவது வீண் வேலை இல்லையா?
*ஓய்வுபெற்ற அரசு ஊழியர், கரூர்*

ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த வரி புறப்பொருள் வெண்பாமாலையில், கரந்தைப் படலத்தில் வருகிறது. பகைவர் கவர்ந்த மாடுகளை மீட்கும் வீரர்களின் குடியைப் புகழும் பாட்டு. 'வாளோடு முன்தோன்றி மூத்த குடி' என்றுதான் முடிகிறது. அங்கே பேச்சு வாளைப் பற்றி, மொழியைப் பற்றி இல்லை. மேடையில் அந்த 'வாளோடு' மட்டும் எப்படியோ கழன்று விழுந்துவிடுகிறது.

தமிழ், தெலுங்கு, துளு, கோண்டி, பிராகுயி எல்லாம் ஒரு தாய்ப்பிள்ளைகள். அந்தத் தாய்மொழி கிளைவிட ஆரம்பித்துச் சுமார் 4,500 வருடம் இருக்கலாம் என்று 2018இல் ஓர் ஆய்வு கணக்குப் போட்டது. மனிதன் பேச ஆரம்பித்ததை ஐம்பதாயிரம் வருடம் என்பாரும் உண்டு, ஐந்து லட்சம் என்பாரும் உண்டு. எந்தக் கணக்கை வைத்தாலும் தமிழுக்கு முன்னால் ஆயிரக்கணக்கான தலைமுறை பேசி முடித்துவிட்டது. நமக்குப் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. ஈராயிரம் வருடத்துக்கு முந்தைய பாட்டில் 'யாயும் ஞாயும் யாராகியரோ' என்று கேட்டால், உரையைப் புரட்டாமலே பாதி புரிகிறதே!

ஆப்பிரிக்காவில் சிலர் நாக்கைச் சொடுக்கிப் பேசுகிறார்களாமே? அதுதான் ஆதிமொழியின் மிச்சமா?
*கல்லூரி மாணவி, நாகர்கோவில்*

அடடா, பாவம் என்று 'ச்ச்' உச்சுக்கொட்டுகிறோமே, அதே ஒலி ஷோசா, ஜூலு மொழிகளில் ஓர் எழுத்து. நமக்கு இரக்கம், அவர்களுக்குக் க, ச, த மாதிரி ஒரு மெய். ஆதிமொழியின் மிச்சம் என்று சிலர் சொல்வது உண்டு. எனக்கு நம்பிக்கை இல்லை. ஜூலுக்காரர்களே அதை அக்கம்பக்கத்து மொழிகளிலிருந்து கடன் வாங்கியவர்கள்தான். ஒலி ஒட்டிக்கொள்ளும், பரவும், உதிரும்.

சாப்பிடும்போது எனக்கு அடிக்கடி புரையேறுகிறது. யாரோ நினைக்கிறார்கள் என்று தலையில் தட்டுகிறார்கள். இதற்கும் பேச்சுக்கும் தொடர்பு உண்டு என்று என் பேரன் சொல்கிறான். எப்படி?
*வாசகி, ஸ்ரீவில்லிபுத்தூர்*

பேரன் படிக்கிற பிள்ளை. குரல்வளை நமக்குக் கழுத்தில் இறங்கி இருக்கிறது. அதனால் சோறும் தண்ணீரும் மூச்சுக்குழாயின் வாயைத் தாண்டித்தான் போயாக வேண்டும். கொஞ்சம் தவறினால் புரை. இது என்ன விசித்திர ஏற்பாடு என்று டார்வினே 1859இல் எழுதியிருக்கிறார். பிறந்த குழந்தைக்குக் குரல்வளை மேலே இருக்கும். வளர வளர இறங்கும். இறங்கியதால் நாக்குக்குப் பின்னால் இடம் கிடைத்தது, ஆ, ஈ, ஊ எல்லாம் தெளிவாகப் பிரிந்தன என்பது பலர் சொல்லும் விளக்கம். பேச்சுக்காக நாம் கட்டும் வரி புரையேறுதல் என்று நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் 2001இல் ஒரு சிக்கல் வந்தது. செம்மான் கிடாவுக்கும் குரல்வளை இறங்கித்தான் இருக்கிறதாம். அது ஒரு வார்த்தையும் பேசக் காணோம். இறங்கினால் குரல் கனத்து, ஆள் பெரியதாகத் தெரியும், அவ்வளவுதான். 2016இல் மக்காக் குரங்கின் தொண்டையை எக்ஸ்ரேப் படமாக எடுத்துக் கணக்கிட்டார்கள். அந்தத் தொண்டையை வைத்துக்கொண்டே புரியும்படி பேசலாமாம். அதை ஓட்டும் மூளைதான் குரங்குக்கு இல்லை. இஸ்ரேலில் கெபாரா குகையில் 60,000 வருடத்துக்கு முந்தைய நியாண்டர்தால் மனிதனின் (இப்போது அழிந்துபோன ஒரு மனித இனம்) நாக்கடி எலும்பு, லாட வடிவத்தில் ஒன்று, 1983இல் கிடைத்தது. நம்முடையதைப் போலவே இருந்தது. பேசியிருப்பானா? எலும்பு மட்டும் அதைச் சொல்லாது.

அடிக்கடி என்கிறீர்களே, அதை மட்டும் விளையாட்டாக விடாதீர்கள். காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். யாரும் அவ்வளவு நினைக்க மாட்டார்கள்.

'கா' என்று கத்துவதால் காக்கா. எல்லாச் சொற்களும் இப்படித்தான் வந்திருக்குமா?
*தமிழாசிரியர், விருத்தாசலம்*

இதைத்தான் மொழியறிஞர் மாக்ஸ் முல்லர் 1861இல் நாய்க்குரைப்புக் கொள்கை என்று கேலி செய்தார். நம் ஊர்ப் பேச்சில் லொள்-லொள் கொள்கை. வலியில் வரும் ஐயோ, அம்மாவிலிருந்து மொழி வந்தது என்பதற்கும் ஒரு பட்டப்பெயர் வைத்தார். சேவல் எல்லா ஊரிலும் ஒரே சேவல்தான். நமக்குக் கொக்கரக்கோ, ஜெர்மனியில் கிக்கெரிக்கி, ஜப்பானில் கொக்கெகொக்கோ. அதுவரை சரி. 'கடன்', 'நேற்று', 'ஆனால்' இவையெல்லாம் எந்த மிருகத்தின் சத்தம்? தொல்காப்பியர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: 'மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா'. உங்களுக்கு நான் உரை சொல்ல வேண்டியதில்லை.

தொல்காப்பியர் 'காரணம் இல்லை' என்று சொல்லவில்லை, பளிச்சென்று தெரியாது என்றார், கவனியுங்கள். ஒரு காகிதத்தில் மேகம் மாதிரி உருண்ட வடிவம் ஒன்று, உடைந்த கண்ணாடிச் சில்லு மாதிரிக் கூரான வடிவம் ஒன்று வரைந்து, இதில் 'பூபா' எது, 'கிகி' எது என்று கேளுங்கள். மூளை நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரனும் ஹப்பர்டும் அமெரிக்க மாணவர்களிடமும், இங்கே தமிழ் பேசுவோரிடமும் கேட்டார்கள். இரண்டு இடத்திலும் உருண்டை பூபா, கூர் கிகி என்றுதான் பெரும்பாலோர் சொன்னார்கள் என்று 2001இல் எழுதினார்கள். பின்னர் 25 மொழிக்காரர்கள் 917 பேரிடம் கேட்டதில் 72 சதவீதம் பேர் அப்படியே சொன்னது 2022இல் வெளிவந்தது. அர்த்தமே இல்லாத சொல்லுக்கு ஒரு வடிவம் எங்கிருந்து வந்தது?

நம் இரட்டைக்கிளவியைப் பாருங்கள். சலசல, மளமள, சரி, சத்தம் இருக்கிறது. 'பளபள', 'மினுமினு'? வெளிச்சத்துக்கு ஏது ஒலி! 'கமகம' என்கிறோம், வாசனைக்கு. சத்தம் இல்லாததற்கும் பொருத்தமாக ஒரு சத்தம் கண்டுபிடித்து வைத்திருக்கிறோம். எங்கள் விடுதியில் அப்பா மீசையானது போல, தொடக்கத்தில் சொல்லுக்கும் பொருளுக்கும் ஏதோ ஒரு சாடை இருந்திருக்கும். புழங்கப் புழங்கத் தேய்ந்திருக்கும். அந்த மீசை முறுக்கலே பத்து வருடத்தில் தேய்ந்துபோய், விரல் உதட்டோரத்தை ஒருமுறை தொட்டுவிட்டு இறங்குவதாக மாறியது. மீசை என்று எந்தப் புதுப் பிள்ளைக்கும் தெரியாது.

குரங்குகளுக்கு மொழி உண்டா?
*வாசகர், தென்காசி*

வார்த்தை மாதிரி ஒன்று உண்டு. கென்யாவின் அம்போசெலியில் வெர்வெட் குரங்குகள் சிறுத்தைக்கு ஒரு குரல், கழுகுக்கு ஒரு குரல், பாம்புக்கு ஒரு குரல் கொடுக்கின்றன. 1980இல் அந்தக் குரல்களைப் பதிவுசெய்து ஒலிபரப்பிக் காட்டினார்கள். சிறுத்தைக் குரலுக்கு மரமேறின. கழுகுக் குரலுக்கு அண்ணாந்து பார்த்தன. பாம்புக் குரலுக்குத் தரையைப் பார்த்தன. 'நேற்று ஒரு சிறுத்தை வந்ததே, பெரிசு' என்று மட்டும் அவற்றால் சொல்ல முடியாது. குற்றாலத்துக் குரங்குக்கு வாழைப்பழப் பை மொழி ஒன்று தெரியும் என்பது நீங்களே அறிந்தது.

என் மகனுக்கு இரண்டு வயது முடியப்போகிறது. இன்னும் ஒரு வார்த்தைகூடச் சரியாக வரவில்லை. 'அவன் அப்பனே மூணு வயசுலதான் வாயத் திறந்தான்' என்கிறார் மாமியார். தட்டைக் கீழே போட்டால் திரும்பிப் பார்க்கிறான், அதனால் காது நன்றாகத்தான் இருக்கிறது. பொறுத்துப் பார்க்கலாமா டீச்சர்?
*வாசகி, திருப்பூர்*

பொறுக்காதீர்கள் கண்ணு. நான் பார்த்த பெற்றோரில் பாதிப் பேர் இந்தத் தட்டுச் சோதனை செய்தவர்கள்தான். தட்டு விழுந்தால் தரை அதிரும். பிள்ளையின் உள்ளங்காலுக்குத் தெரிந்துவிடும். உங்கள் நிழல் அசைந்தாலும் திரும்புவான். காது கேளாத பிள்ளைகள் இதிலெல்லாம் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். சிலருக்குத் தட்டுச் சத்தம் கேட்கும், 'ச', 'ஸ' மாதிரி மெல்லிய ஒலிகள் கேட்காது. இப்படி நம்பியே இரண்டு வருடம், மூன்று வருடம் போக்கடித்துவிட்டு, ஐந்து வயதில் பிள்ளையை என் வகுப்பு வாசலில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அந்த வருடங்களை என்னால் திருப்பித் தர முடிந்ததே இல்லை.

பக்கத்து அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போய், செவித்திறன் பரிசோதனை வேண்டும் என்று கேளுங்கள். பிள்ளை தூங்கும்போதே எடுத்துவிடுகிற சோதனைகள் உண்டு, வலிக்காது. குறை இருந்தால் காதொலிக் கருவி, பேச்சுப் பயிற்சி, தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை என்று ஒவ்வொன்றாக அவர்களே சொல்வார்கள். கூடவே கையாலும் பேசுங்கள். கையாட்டினால் பேச்சு வராது என்று யாராவது சொன்னால், அதை முப்பது வருடத்துக்கு முன்னால் நம்பிய ஒரு டீச்சரே இப்போது அது தப்பு என்கிறாள் என்று சொல்லுங்கள். குறை இல்லையென்றால் சந்தோஷம். அப்போதும் பேச்சு ஏன் தாமதம் என்று குழந்தை மருத்துவரைக் கேட்டுவிட்டு வாருங்கள். சோறூட்டும்போது செல்போனை அவன் கண்ணில் காட்டாதீர்கள். அவன் உயரத்துக்குக் குனிந்து, முகத்தைப் பார்த்து, 'இட்லி சுடுது, ஊது' என்று நீங்கள் சொல்லுங்கள். அவன் 'ஊ' என்றால், ஆமா, ஊது என்று பதில் சொல்லுங்கள். தெருப் பிள்ளைகளோடு விளையாட விடுங்கள்.

பரிசோதனைக்குப் போகும்போது மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். டாக்டர் சொன்னால் அவர் கேட்பார்.